ரெண்டு ஊரில் இருந்த ஏகாம்பரம்

ஒருத்தர் வீட்டைக் கண்டுபிடிக்கணும் என்றால், அந்தத் தெருவில் போய் அவர் பேரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. கேட்டால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். வட்டிக்காரன் அனுப்பின ஆளோ, போலீஸ் அனுப்பின ஆளோ என்று நினைத்து எதிர்வீட்டுக்காரனே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பான். நல்ல எருமைப்பால் எங்கே கிடைக்கும் என்று கேட்கணும். பால் கேட்டு வந்த பொம்பளையை எந்த ஊரும் நிற்க வைத்துப் பேசாது. உட்காரச் சொல்லும். அப்புறம் பேச்சு தானாக நமக்கு வேண்டிய வாசலுக்குப் போய் நிற்கும்.

இப்போது கம்பெனியில் இதெல்லாம் கிடையாது. வேலைக்கு வராதவனுக்கு செல்போனில் ஒரு மெசேஜ் போகிறது, அவன் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். போன மாசம் அந்த ஆபீசில் இருக்கிற ரெண்டு பெண்பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்களின் அனுபவம் வேண்டுமாம். "நீங்க சும்மா சொல்லுங்க ஆன்ட்டி, நாங்க அழகா எழுதிக்கறோம்" என்றாள் ஒருத்தி. எனக்கு எழுத வராது என்று இவளுக்கு யார் சொன்னது? மூணாவது வரைக்கும் போயிருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வரும், மெதுவாகத்தான் வரும், ஆனால் என்னுடையதாக வரும். இவர்கள் அழகாக எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படி அழகாக்கப் போன ஒரு சங்கதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் பேர் முனிரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். ஓசூர்ப் பக்கம் இது ஒரு படிப்பே இல்லை, இங்கே கோழியை விரட்டுவதற்கே மூணு பாஷை வேண்டும். ஆனால் தெற்கே இருந்து வந்த ஆபீசர்களுக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. இரும்பு வார்க்கிற கம்பெனி எங்களுடையது. பெருக்குவதற்குத்தான் என்னை எடுத்தார்கள். ரெண்டு வருஷம் பெருக்கினேன். அப்புறம், லீவு சொல்லாமல் நின்றுவிட்ட ஆட்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து வருகிற வேலைக்கு என்னை மாற்றினார்கள். அந்த வேலையில்தான் ரிட்டையர் ஆனேன்.

என்ன வேலை அது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா இறந்துவிட்டாள் என்று லீவு போட்ட ஒருத்தன் வீட்டுக்குப் போனேன், தளிப் பக்கம். அந்த அம்மாதான் எனக்குக் களி கிண்டிப் போட்டாள். அவன் கணக்குப்படி அவள் செத்தது அது மூணாவது தடவை. சாப்பிட்டு, கை கழுவி, "உங்க பையன் உங்கமேல ரொம்பப் பாசம் போல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் சங்கரலிங்கம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தொழிலாளர் நல ஆபீசர் என்று போர்டு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. நான் போய்விட்டு வந்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் மடிப்பார். "சொல்லும்மா" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான். "பாத்தியா, கேட்டியா?" பார்த்தது மடிப்புக்கு இடது பக்கம் போகும், கேட்டது வலது பக்கம் போகும். முதல் மாசம் எனக்கு எரிச்சலாக இருந்தது. "அவன் காய்ச்சல்ல கெடக்கான் சார்" என்றால், "தொட்டுப் பாத்தியா, அவன் சம்சாரம் சொல்லிக் கேட்டியா?" என்பார். தொடவில்லை என்றால் வலது பக்கம். எல்லாம் முடிகிற வரை டீ வராது. முடிந்ததும் அவரே எழுந்து போய் ரெண்டு டீ சொல்லிவிட்டு வருவார்.

வலது பக்கம் எழுதினதை இடது பக்கம் கொண்டுவர அவரிடம் ஒரு வழி இருந்தது. "ஒருத்தருக்கொருத்தர் ஆகாத ரெண்டு பேரு ஒரே சங்கதியச் சொன்னா, அதப் பாத்ததாவே வச்சுக்கிடலாம். சேக்காளி ரெண்டு பேரு சொன்னா அது பேசி வச்சது." அவரிடம் நான் கற்றது இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவும் இல்லை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு, நாலுவழி ரோட்டுக்காகப் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்த சமயம், பெங்களூரில் இருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். வயசு முப்பதுகூட இருக்காது. வந்ததும் எங்கள் டிபார்ட்மென்டின் பேரை மாற்றினார். ஆட்களும் மேஜைகளும் அதேதான், போர்டு மட்டும் புதுசு. கம்பெனிக்கு இருபத்தைந்தாவது வருஷம் வருகிறது என்று ஸ்டோர் ரூமைக் கிளறினதில் அவருக்கு ஒரு போட்டோ கிடைத்தது. பதினொரு பேர் பனியன் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் கப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில், அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்குள் நடந்த ஃபுட்பால் போட்டியில் வாங்கினது. பத்துப் பேர் காலில் பூட்ஸ். கப்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருத்தன் மட்டும் வெறுங்கால். கீழே வரிசையாகப் பேர் எழுதியிருந்தது. வெறுங்காலுக்கு நேரே ஏகாம்பரம்.

ஒரு பழைய லாரி டிரைவர் அந்தப் போட்டோவைப் பார்த்து, "இவனா, பர்மாக்காரன். கப்பல்ல வந்தவன். ஆட்டம்னா அது ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ரங்கூன்ல இருந்து ஓசூர் வரைக்கும். என்ன ஒரு ஸ்டோரி சார்" என்று எங்கள் சாரிடம் வந்து நின்றார். மைதானத்துக்கு அந்த ஆள் பேரை வைத்துக் கல் நாட்டப் போகிறாராம். புத்தகம் போடப் போகிறாராம். கம்ப்யூட்டரில் தேடினார். பர்மாவில் இருந்து வந்த ஏகாம்பரம் கம்ப்யூட்டரில் எப்படி இருப்பான்? பழைய ஆட்கள் விலாசத்தில் தேடினதில் ஏகாம்பரம், சிங்காரப்பேட்டை, விருப்ப ஓய்வு என்று இருந்தது. அதற்குள் அந்த லாரி டிரைவரை மறுபடி கேட்டு, அவர் சொன்ன ஊர் அடையாளத்தை வைத்து, டை கட்டின ஒரு பையனைக் காரில் நாகரசம்பட்டிக்கு அனுப்பினார். அவன் போய், தெருவில் பேரைச் சொல்லிக் கேட்டு, நாய் துரத்தி, எப்படியோ ஒரு அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்தான்: ஏகாம்பரத்தின் மனைவி, விதவை, மாங்கூழ் கம்பெனியில் பழம் நறுக்குகிறார்.

ஆக, ஒரே ஆள் ரெண்டு ஊரில் இருக்கிறான். ஒரு ஊரில் உயிரோடு, ஒரு ஊரில் செத்து. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு அதை எங்கள் மேஜையில் கொண்டுவந்து போட்டார். சார் தாளை மடித்தார்.

"மொதல்ல செத்தவன் ஊருக்குப் போய்ட்டு வாம்மா" என்றார்.

நாகரசம்பட்டியில் அப்போது மாங்காய்க் காலம். அந்த அம்மா பேர் சின்னபாப்பா. கையெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தவளிடம் பாலில் ஆரம்பித்து, மாம்பழத்துக்கு வந்து, அவள் முழங்கால் வலிக்கு வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னாம்மா?"

"அத எப்படிக்கா நான் சொல்றது? சாமி பேருதான். வில்லு வெச்சிருக்குமே, அந்தச் சாமி. கடைசியில ஐயா சேத்துக்கோ."

"ராமையாவா?"

தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப அன்னைக்குக் கார்ல வந்த பையன்கிட்ட ஏகாம்பரம்னு ஏன் சொன்ன?"

"அந்தப் பையன் பேரச் சொல்லு பேரச் சொல்லுன்னு பேனாவ வெச்சுக்கிட்டு நின்னான். தாலி கட்டுனவர் பேர நான் சொல்ல முடியுமா? வில்லு வெச்ச சாமின்னா அவனுக்குப் புரியல. சரின்னு மைதானத்துல கூப்புட்ட பேரச் சொன்னேன். அது சொல்லலாமில்ல?"

டை கட்டத் தெரிந்தவனுக்கு, புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லமாட்டாள் என்பது தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது.

அப்புறம் அவள் சொன்னாள். ராமையா பர்மாவில் பிறந்த தமிழர். அங்கே இருந்து விரட்டினபோது பையனாகக் கப்பலில் ஏறி மெட்ராசில் இறங்கி, முகாமில் கிடந்து, கூலி வேலைக்கு ஊர் ஊராகப் போய், கடைசியில் எங்கள் கம்பெனிக்கு மணல் சலிக்கிற காண்ட்ராக்ட் கூலியாக வந்து சேர்ந்தார். பர்மாவில் பிரம்பில் பின்னின பந்தைத் தரையில் விழாமல் காலாலேயே தட்டி விளையாடுவார்களாம். இங்கே பிரம்புப் பந்துக்கு எங்கே போவது? மெஷின் துடைக்கிற நூல் கழிவை உருட்டிக் கட்டி, சாப்பாட்டு நேரத்தில் தட்டிக்கொண்டிருப்பாராம். அதை ஒரு சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஆனால் போட்டியில் நிரந்தர ஆட்கள்தான் ஆடலாம் என்று சட்டம். டீமில் ஏகாம்பரம் என்று ஒருத்தன் இருந்தான், நெட்டையாக இருந்ததற்காகச் சேர்த்தது, பந்து வந்தால் ஒதுங்கி நிற்பான். அவன் பனியனை ராமையாவுக்குப் போட்டு இறக்கிவிட்டார்கள்.

"ஊரே ஏகாம்பரம் ஏகாம்பரம்னு கத்தும். நானும் போவேன். புருஷன் பேர வாய்விட்டுக் கூப்புட எந்தப் பொம்பளைக்குக் கெடைக்கும்? வேத்துப் பேரு நல்லதாப் போச்சு. தொண்ட கட்டுற வரைக்கும் கத்துவேன்." அதைச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. இது பார்த்தது, இடது பக்கம்.

கப்பு வாங்கினதும் கம்பெனி ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தது. அது ஏகாம்பரம் கைக்குப் போனது. அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் மாறி ராமையாவுக்குக் கம்பெனி கேட்டில் பாஸ் இல்லை. நாகரசம்பட்டிக்கு வந்து கல் லாரியில் லோடு ஏற்றினார். கப்பு நான் வாங்கினது என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்த அந்த ஊர்க்காரன் ஒருத்தன், போட்டோவைப் பார்த்துவிட்டு வந்து, "போட்டோவுக்குக் கீழ ஏகாம்பரம்னுல்ல போட்டிருக்குது" என்றான். மூஞ்சியைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்த புத்திசாலி. அன்றிலிருந்து அவருக்குப் பர்மாப் புளுகன் என்று பேர். சாகிற வரைக்கும் அதுதான் பேர். "எங்கூட பழம் நறுக்கறவளுங்க இன்னும் சொல்றாளுங்க, நீ புளுகன் பொண்டாட்டிதானேன்னு" என்றாள் சின்னபாப்பா. "எனக்குக் கல்லும் வேணாம், மண்ணும் வேணாம்க்கா. அவரு ஆடுனது நெசம்னு கம்பெனிக்காரங்க ஒருத்தர் வந்து இவளுங்க முன்னால சொன்னாப் போதும். அந்த வாட்ச வாங்கிக் கட்டிக்கிட்டவனக் கேட்டுப் பாரு, அவன் சொல்லமாட்டான்."

வந்து சொன்னேன். சார் எல்லாவற்றையும் வலது பக்கம் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. "அவ கண்ணால பாத்தவ சார்."

"அவ பாத்தா. நீ கேட்ட. வாட்ச வாங்கினவனும் சொல்லட்டும்."

சிங்காரப்பேட்டைக்குக் கிருஷ்ணகிரி போய், ஊத்தங்கரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ். டீக்கடையில் பால் கேட்டேன். "பாலா? கோல் ஏகாம்பரம் வூட்ல கேளு" என்றார்கள். கோல் ஏகாம்பரம். பேரைப் பாருங்கள்.

நெட்டையான மனுஷன், முடியெல்லாம் வெளுத்திருந்தது. கையில் அந்தக் கைக்கடிகாரம். முள் ஓடவில்லை, ஆனாலும் கட்டியிருந்தார். கம்பெனியில் இருந்து வருகிறேன், பழைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னார்கள் என்றதும் எருமையைக் கட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் எதையும் கேட்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். கடைசிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"விசில் ஊதுனான் பாரு, ஒரே சத்தம். மொத கோல் வுழுந்தப்ப ஜனம் கத்துன கத்துல தகரமெல்லாம் அதிருது. ரெண்டாவது கோலு, பந்து கம்பத்துல பட்டுது, டங்குன்னு. ஜனமெல்லாம் ஐயோன்னாங்க. திரும்பவும் ஒரு அடி, தப்புன்னு. அப்புறம் எம்பேருதான், ஏகாம்பரம், ஏகாம்பரம்னு, நிக்கவே இல்ல."

இப்படி ஒவ்வொரு மேட்சாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. டங், தப், விசில், கத்தல். வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று இல்லை. எதிரில் வந்தவன் குட்டையா நெட்டையா என்று இல்லை. பந்து என்ன நிறம் என்றுகூட இல்லை. இவர் பேச்சு முழுக்க வலது பக்கத்துப் பேச்சு.

எங்கள் சார் குரலிலேயே கேட்டேன். "இதெல்லாம் நீங்க பாத்ததா, கேட்டதா?"

எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே இருந்து அவர் வீட்டம்மா சொன்னாள். "சொல்லிடுய்யா. இன்னும் எத்தினி நாளைக்கு? பம்ப் ரூம்ல குந்திக்கினு இருந்ததச் சொல்லு."

கடிகாரத்தைத் திருகினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரே நேரத்தில் ரெண்டு ஏகாம்பரம் யார் கண்ணிலும் படக் கூடாதே. அதனால் ஒவ்வொரு மேட்ச் அன்றும் சூப்பர்வைசர் இவரை மைதானத்துக்குப் பின்னால் இருந்த பம்ப் ரூமில் உட்கார வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் திறப்பார்.

"ஒரு மேட்ச்கூட நான் பாக்கலம்மா. இருட்டு, மோட்டார் சத்தம், எண்ணெ நாத்தம். வெளிய ஊரே எம்பேரச் சொல்லிக் கத்துது. நீயே சொல்லு, அது எம்பேருதானே?"

"பேரு உங்களுதுதான். காலு யாருது?"

"காலு ராமையாவுது" என்றார். "அவன மாதிரி ஒருத்தன் ஆடி நான் கேட்டதில்ல."

பார்த்ததில்லை என்று சொல்லவில்லை. கேட்டதில்லை என்றார். எழுந்து வந்துவிட்டேன். பரிதாபப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடகைக்கு விட்ட பேரில் கிடைத்த கைத்தட்டலை இருபது வருஷம் ஊருக்கு விற்றவர், அங்கே ஒருத்தன் புளுகன் என்ற பேரோடு செத்தான் என்பதை ஒருதரம் விசாரித்திருப்பாரா?

சார் கடைசி வரியை இடது பக்கம் எழுதினார். டீ வந்தது. அதை நல்ல தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனோம். ரெண்டு வரி படித்ததும் மேனேஜர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"சார், இதப் போட்டா நம்ம கம்பெனி ஆள்மாறாட்டம் பண்ணிக் கப்பு வாங்கிச்சுன்னு ஆயிடும். எனக்கு இன்ஸ்பிரேஷன்தான் வேணும். கல்லும் வெட்டியாச்சு. போட்டோல ஏகாம்பரம்னுதானே இருக்கு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட நடந்ததுதான் இருக்கு" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "ரெண்டு பேருக்கும் விழாவுக்குச் சொல்லியனுப்பு" என்றார்.

விழா அன்று மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக்கு. மரியாதைக்கு அப்புறம் ஒரு ஃபுட்பால் மேட்ச் என்று சொல்லியிருந்தார்கள். சின்னபாப்பா தன்கூடப் பழம் நறுக்குகிற ரெண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஏகாம்பரம் சலவைச் சட்டையில் வந்தார். அவரைப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன், ரெண்டு பேருக்கும் நடுவில் பத்து வரிசையாவது இருக்கட்டும் என்று. "மேட்ச் இருக்குதுன்னாங்க, அதான் வந்தேன்" என்றார், நான் கேட்காமலே.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ரங்கூன் என்றார், கப்பல் என்றார், கனவு என்றார், விடாமுயற்சி என்றார். மணல் என்று சொல்லவில்லை, காண்ட்ராக்ட் என்று சொல்லவில்லை. அந்த ஆள் ஏன் வெறுங்காலில் நின்றார் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. கடைசியில் குரலை ஏற்றி, "நம்ம மைதானத்தோட முதல் ஹீரோ, ஏகாம்பரம்" என்றார். டை கட்டின பையன்கள் கைதட்ட, எல்லாரும் கைதட்டினார்கள்.

என் பக்கத்தில் இருந்தவர் நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார். முன்னால் சின்னபாப்பா முழுசாக எழுந்தாள்.

அவளுக்கு அந்தப் பேரைக் கேட்டால் அந்த வெறுங்கால்தான். வேறு யாரும் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடுவதற்குக் காத்திருக்காமல், நேராக மேடை ஏறினாள். மேனேஜர் ஒரு நிமிஷம் விழித்தார். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார். டை கட்டின பையன் ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னான். மேனேஜர் முகம் உடனே துக்கத்துக்கு மாறியது. அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர்.

"நம்ம ஹீரோ இன்னைக்கு நம்மகூட இல்ல. அவரோட துணைவியார் வந்திருக்காங்க. மறைந்த ஏகாம்பரம் அவர்களுக்காக எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்."

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற சங்கரலிங்கம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, இருக்கேன் என்று ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தால் அவளை மேடையிலிருந்து இறக்கியிருப்பார்கள். இவர் பாதி எழுந்தவர் முழுசாக எழுந்தார். கடிகாரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையைக் குனிந்து, தனக்காகத் தானே மௌனமாக நின்றார்.

மௌனம் முடிந்ததும் சின்னபாப்பாவுக்கு மாலை போட்டார்கள். கூட வந்தவர்களில் ஒருத்தி, பின்னால் என் வரிசை வரைக்கும் எட்டுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "அப்ப நெசமாத்தான் ஆடியிருக்கறான்டி, அந்த மனுஷன்." இது நான் கேட்டதுதான். ஆனாலும் இடது பக்கம் எழுதலாம், அவளுக்கும் சின்னபாப்பாவுக்கும் ஆகவே ஆகாது.

கல்லைத் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கே நிற்கிறது, ஏகாம்பரம் என்று பளபளப்பாக. கல் வெட்டினவன் பிழையில்லாமல் வெட்டியிருக்கிறான், மேனேஜர் சொன்ன பேரை.

விசில் ஊதி மேட்ச் ஆரம்பித்தது. ஏகாம்பரம் உட்காரவில்லை. மைதானத்துக்குப் பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, அந்தப் பம்ப் ரூம் இன்னும் கீதா?"

"எப்பவோ இடிச்சாச்சு. மேனேஜர் கார்தான் அங்க நிக்குது" என்றேன். "உக்காந்து மேட்சப் பாருய்யா."